நிமிர்ந்தபோதெல்லாம் விழுந்த வெட்டு

சட்டை போடக் கூடாது. பனியன்கூடக் கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. கிராப் வெட்டிக்கொள்ளக் கூடாது. தங்கமோ வெள்ளியோ உடம்பில் ஏறக் கூடாது. வீட்டில் மண்சட்டி தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. வெயிலானாலும் மழையானாலும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்பு இருக்கக் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, தாவணி கூடாது, பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கச் சாதிக்காரர்கள் எங்கள் தலித் சனத்துக்குப் போட்ட எட்டுக் கட்டளைகள் இவை. கேட்காதவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் நாசமானது, ஆடுமாடு கொள்ளை போனது. அப்படியும் ஆத்திரம் அடங்காமல் 1931 ஜூனில் கட்டளைகள் பதினொன்றாயின. இந்த முறை துணியோடு நிற்கவில்லை. எங்கள் பிள்ளைகள் எழுத்துப் படிக்கக் கூடாது, மிராசுதார் வீட்டு மாடு மேய்க்க மட்டும் போகலாம். சொந்த நிலம் வைத்திருப்பவன் அதை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும், இல்லையென்றால் பயிருக்குத் தண்ணீர் கிடையாது. காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறு வரை வேலை, ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. கல்யாணத்தில் மேளம் கூடாது.

இதை எழுதி வைத்தது எங்கள் ஆள் இல்லை. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி, சாதியைப் பற்றிய தன் புத்தகத்தில் வரிசை எண் போட்டு எழுதியிருக்கிறார். நாங்கள் மிகைப்படுத்துகிறோம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். எங்கள் வாயிலிருந்து வந்தால் எதுவுமே மிகை என்றுதானே இத்தனை காலமும் சொல்லி வந்தீர்கள்.

அந்தப் பட்டியலை நான் முதலில் படித்தபோது உடம்பெல்லாம் எரிந்தது. திரும்பப் படித்தபோது வேறொன்று தெரிந்தது. யாரும் செய்யாத காரியத்துக்கு யாரும் தடை போடுவதில்லை. குடை பிடிக்காதே என்றால், ஒருவன் குடை பிடித்துத் தெருவில் நடந்திருக்கிறான். நிலத்தை விற்றுவிடு என்றால், ஒருவன் நிலம் வாங்கியிருக்கிறான். பிள்ளையைப் படிக்க வைக்காதே என்றால், ஒரு தாய் தன் பிள்ளையின் கையில் சிலேட்டைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுத்தெருவும் பொதுக்கிணறும் அரசு அலுவலகமும் எங்களுக்கும் திறந்தவை என்று அரசாணை வாங்கியிருந்தார். அதற்கு ஆறே வருடம் கழித்து இந்தக் கட்டளைகள். நாங்கள் தாழ்ந்து கிடந்ததற்காக எங்களை யாரும் அடிக்கவில்லை. எழுந்து உட்காரப் பார்த்ததற்காக அடித்தார்கள்.

நூறு வருடக் கதை இதுதான். எங்கே வெட்டு விழுந்தது என்று பாருங்கள், அங்கே நாங்கள் ஒரு படி ஏறியிருப்போம்.

1957 செப்டம்பர் 10. முதுகுளத்தூரில் கலெக்டர் கூட்டிய சமாதானக் கூட்டம். ராணுவத்தில் வேலை பார்த்துத் திரும்பிய இம்மானுவேல் சேகரன், எல்லாத் தலைவர்களுக்கும் சமமாக உட்கார்ந்து எங்கள் தரப்பைப் பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் அவரை வெட்டிக் கொன்றார்கள். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்டார்கள், செங்கொடியை இறக்க மாட்டோம் என்றார்கள். 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். கார் வைத்திருக்கும் மிராசுதார்கள் இவ்வளவு தூரம் நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்று சொல்லி உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 1995 ஆகஸ்ட் 31, கொடியங்குளம். வளைகுடா நாடுகளுக்குப் போய் ரத்தம் சுண்ட உழைத்து, காரை வீடு கட்டிக்கொண்ட ஊர். உள்ளே புகுந்தது ரவுடிக் கூட்டம் இல்லை, நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்கள். டி.வி. பெட்டியை உடைத்தார்கள். பாஸ்போர்ட்டைக் கொளுத்தினார்கள். ஒரு குற்றவாளியைத் தேடி வந்த போலீசுக்கு பாஸ்போர்ட் மேல் என்ன கோபம்?

இதையெல்லாம் நான் வேகமாகச் சொல்லிப் போகிறேன், மன்னியுங்கள். ஒவ்வொன்றிலும் நின்றால் மேலே போக முடியாது. நான் நிற்க விரும்புவது ஒரு நாற்காலியின் முன்னால்.

1993-இல் பஞ்சாயத்துராஜ் சட்டத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. மறுவருடமே தமிழ்நாட்டிலும் சட்டம் வந்தது. ஊராட்சித் தலைவர் பதவியில் எங்கள் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு. 1996-இல் தேர்தல் அறிவித்தார்கள். மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்தில் மேலவளவு ஊராட்சி எங்களுக்கு ஒதுக்கிய தனி ஊராட்சியானது.

ஊராட்சித் தலைவர் நாற்காலி என்றால் நகரத்தில் இருப்பவர்களுக்கு அது ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான். எங்கள் பக்கம் அப்படி இல்லை. கண்மாய் மீன் ஏலம், புளியமர ஏலம், ரோடு காண்ட்ராக்ட், எந்தத் தெருவுக்குக் குழாய் போடுவது, யாருக்கு வீடு ஒதுக்குவது எல்லாம் அந்த நாற்காலியில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பங்களின் கையில் இருந்த ஊர்ச்சொத்தின் கணக்கு நோட்டு, அவர்கள் வீட்டு வயலில் நாற்று நட்டவனின் கைக்குப் போகிறது. அதுதான் பொறுக்கவில்லை.

வேட்புமனு போட்டவர்களை மிரட்டி வாபஸ் வாங்க வைத்தார்கள். வீடுகளைக் கொளுத்தினார்கள். மறுபடி தேர்தல் நடந்தபோது வாக்குச்சாவடியைச் சூறையாடினார்கள். கடைசியில் 1996 டிசம்பர் 31 அன்று போலீஸ் காவலோடு ஓட்டு விழுந்தது. முருகேசன் தலைவரானார். தலைவரான மனிதரால் தன் அலுவலகத்துக்குள் நிம்மதியாகப் போக முடியவில்லை. 1997 ஜூன் 30 அன்று, எரிந்த வீடுகளுக்கு நிவாரணம் கேட்டு மதுரை கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் ஊர் திரும்பினார். கூட வந்தவர்கள் துணைத்தலைவர் மூக்கன், ராஜா, செல்லதுரை, சேவகமூர்த்தி, பூபதி. பட்டப்பகலில், ஆட்கள் நிறைந்த பஸ்ஸை நிறுத்தி ஆறு பேரையும் வெட்டினார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்து எடுத்துப்போய்க் கிணற்றில் போட்டார்கள்.

ஆறு மாதம். ஒரு மனிதர் தலைவராக இருந்தது ஆறே மாதம்.

அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் தெருவில் அடுப்பு எரியவில்லை. எனக்கு அப்போது பள்ளிக்கூட வயது. பெரியவர்கள் தணிந்த குரலில் ஒன்றையே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டார்கள். "அவன் நிக்காம இருந்திருக்கலாம்ல?" பயம் எங்கள் வாயாலேயே எங்கள் ஆளைக் குற்றவாளியாக்கியது. கொன்றவர்களுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். ஆறு பேரை வெட்டினால் ஆறாயிரம் பேர் வேட்புமனு வாங்கப் போக மாட்டார்கள்.

வழக்கறிஞர் பொ. ரத்தினம் போன்றவர்கள் விடாமல் நின்றதால் வழக்கு சேலம் நீதிமன்றத்துக்குப் போய், 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது, பின்னாளில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. நீதி வந்துவிட்டது என்று நம்பினோம். 2008-இல் ஒரு தலைவரின் பிறந்தநாளுக்கு மூன்று பேரை விட்டார்கள். 2019 நவம்பரில் இன்னொரு தலைவரின் நூற்றாண்டு என்று சொல்லி மேலும் 13 பேரை விட்டார்கள். ஒன்று ஒரு கட்சி ஆட்சி, மற்றது இன்னொரு கட்சி ஆட்சி. சமூகநீதி என்று மேடையில் தொண்டை கிழியப் பேசும் இரண்டு கட்சிகளும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. ஆயுள் முழுக்க உள்ளே கிடந்து சாகட்டும் என்று நான் கேட்கவில்லை. யாருக்கும் தூக்கு வேண்டும் என்றும் கேட்கவில்லை. கணவனைப் பறிகொடுத்த அந்தப் பெண்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா? உங்கள் தலைவரின் பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுக்க எங்கள் பிணங்கள்தான் கிடைத்தனவா?

உசிலம்பட்டி பக்கத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். அங்கே ரத்தம் சிந்தவில்லை, வேறு வழி கண்டுபிடித்தார்கள். யாரும் மனுப் போடாமல் பார்த்துக்கொண்டார்கள். போட்டால், தங்கள் சொல் கேட்கும் கூலியாள் ஒருவரை நிறுத்தி ஜெயிக்க வைத்து, பதவியேற்ற கையோடு ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். 1996 முதல் 2006 வரை பத்து வருடம் இந்தக் கூத்து நடந்தது. மதுரை கலெக்டராக இருந்த உதயச்சந்திரன் உசிலம்பட்டி பக்கத்து ஊர்களுக்குப் போய்ப் பேசி 2006-இல் அங்கே தேர்தலை நடத்திக் காட்டினார். அப்படியானால் அரசு நினைத்தால் முடியும். பத்து வருடம் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா? என் அத்தை ஒரு தனி ஊராட்சியில் தலைவியாக இருந்தவர். எட்டாவது வரை படித்தவர், கணக்கில் கெட்டிக்காரி. ஊராட்சி செக்கில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. துணைத்தலைவர் ஆதிக்கச் சாதிக்காரர். அத்தை செக் புத்தகத்தை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவார். திண்ணைக்குக் கீழே நிற்பார். "சாப்பிட்டுக்கிட்டு இருக்காக, நில்லு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். சாப்பிட்டு முடித்து, வெற்றிலை போட்டு, வெளியே வந்து, "இன்னிக்கு ஆகாது, நாளைக்கு வா புள்ள" என்பார். தலைவி அத்தை. வயதிலும் அவரைவிடப் பெரியவர் அத்தை. துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் நிற்கும், மோட்டார் ரிப்பேருக்குக் காசு நிற்கும், குழாயில் தண்ணீர் வராது. உடனே ஊர் பேசும்: "இவளுகளத் தலைவராக்கினா இப்படித்தான். நிர்வாகம் தெரியுமா?"

இந்தப் பேச்சுதான் வெட்டரிவாளைவிட எனக்கு வலிக்கிறது. கையைக் கட்டிப் போட்டுவிட்டு, நீந்தத் தெரியவில்லை என்று சிரிக்கிறார்கள்.

அத்தை பொய் சொல்கிறார் என்று நினைப்பவர்களுக்காக: தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 2022-இல் 386 ஊராட்சிகளில் விசாரித்தது. இருபது ஊராட்சிகளில் எங்கள் தலைவர்களால் தேசியக்கொடி ஏற்ற முடியவில்லை. வேறு சில இடங்களில் உட்கார நாற்காலியே இல்லை. தலைமைச் செயலாளரே கலெக்டர்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது, சுதந்திர தினத்தன்று அவர்களைக் கொடியேற்ற விடுங்கள் என்று. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் தலைவி தரையில் உட்கார்ந்திருக்க, மற்ற உறுப்பினர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படத்தை நாடே பார்த்தது. தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி, பெண்களுக்குக் கழிப்பறை கட்ட முயன்றார். 2011 ஜூனில் ஆட்டோவில் வீடு திரும்பும் வழியில் அவரை வெட்டிப் போட்டார்கள். செத்துவிட்டார் என்று நினைத்துப் போனார்கள். அவர் பிழைத்துக்கொண்டார், ஒரு காது போய்விட்டது. குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2024 வரை ஆனது. பதின்மூன்று வருடம் அந்தப் பெண் கோர்ட்டுக்கு அலைந்தார். இந்த நாட்டில் கழிப்பறை கட்டிய தலைவர்களுக்கு விருது கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

நாற்காலிக்கு வெளியேயும் இதே கதைதான். 2012 நவம்பர் 7, தர்மபுரி நத்தம் காலனி. ஒரு பையனும் பெண்ணும் சாதி தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று மூன்று குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தார்கள். பெங்களூரில் கட்டட வேலை பார்த்துச் சம்பாதித்த சனங்கள். பீரோவை உடைத்து நகையை எடுத்துக்கொண்டு பிறகுதான் நெருப்பு வைத்தார்கள். வாசலில் நின்ற பைக்குகளும் கருகின. அதன் பிறகு ஒரு கட்சித் தலைவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்: இவர்கள் ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு எங்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று. 1930-இல் சட்டை. 2012-இல் டி-ஷர்ட். எண்பத்திரண்டு வருடத்தில் உங்கள் கண் எங்கள் துணியை விட்டு இறங்கவே இல்லையா?

அதோடு ஒரு கோரிக்கையும் வைத்தார்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று. இதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். எந்த டீக்கடையில் நின்றாலும் காதில் விழும்: "பி.சி.ஆர். கேஸ் போட்டுருவானுங்கப்பா, பாத்துப் பேசு." ஏதோ நாங்கள் சட்டைப் பையில் எஃப்.ஐ.ஆர். வைத்துக்கொண்டு அலைகிற மாதிரி. ஒருமுறையாவது ஒரு ஸ்டேஷனில் அந்தப் புகாரைக் கொடுத்துப் பாருங்கள். "எதுக்கு வம்பு, பேசித் தீர்த்துக்கங்க" என்பார் எழுத்தர். சாதியைச் சொல்லித் திட்டிய வார்த்தையை அப்படியே எழுத மாட்டார். நீங்கள் விடாமல் நின்றால், அடித்தவனிடம் ஒரு புகார் வாங்கிக் கவுண்டர் கேஸ் போடுவார். இரண்டு தரப்பும் கோர்ட்டுக்கு நடக்கும், ஒரு தரப்புக்கு மட்டும் அன்றாடக் கூலி போகும். இந்த நிலைமையில் 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம், சட்டம் தவறாகப் பயன்படுகிறது என்று சொல்லி, உடனடிக் கைது கூடாது, முதலில் விசாரித்துப் பார்க்க வேண்டும் என்று அதன் பல்லைப் பிடுங்கியது. ஏப்ரல் 2 அன்று நாடெங்கும் எங்கள் மக்கள் தெருவில் இறங்கினார்கள். வட மாநிலங்களில் உயிர்கள் போயின. அதன் பிறகுதான் நாடாளுமன்றம் சட்டத்தைப் பழையபடி ஆக்கியது. எங்களுக்கு இருந்ததைத் திரும்பப் பெறவே நாங்கள் சாக வேண்டியிருந்தது.

இடஒதுக்கீட்டுக்கு வருகிறேன். நான் படித்த கல்லூரியில் முதல் நாளே, பெயரைக் கேட்கும் முன் "எந்தக் கோட்டா?" என்று கேட்டார் ஒருவர். நான் நல்ல மார்க் வாங்கினால் பேப்பர் ஈசி. குறைந்தால் கோட்டா. வேலைக்கு வந்த பிறகும் அதே பேச்சு, குரல்தான் கொஞ்சம் நாகரிகமானது. திறமை, தகுதி, திறமை, தகுதி. 1990-இல் மண்டல் பரிந்துரையை அமல்படுத்தியபோது தகுதி செத்துவிட்டது என்று வட இந்தியத் தெருக்களில் ஷூ பாலிஷ் போட்டுக் காட்டினார்கள் உயர்சாதி மாணவர்கள். அதாவது நாங்கள் தலைமுறையாகச் செய்த வேலையைச் செய்வது அவர்களுக்குப் போராட்டம், எங்களுக்கு விதி. அந்தத் தகுதிக்காரர்கள் 2019 ஜனவரியில் எங்கே போனார்கள்? மாதம் அறுபதாயிரத்துக்கு மேல் சம்பாதிக்கும் குடும்பமும் ஏழை என்று, ஆண்டு வருமானம் எட்டு லட்சம் வரை, முன்னேறிய சாதியினருக்குப் பத்து சதவீதம் கொடுத்தபோது ஒருவர் ஷூவைத் தொடவில்லை. எங்கள் தெருவில் உண்மையிலேயே ஏழையாக இருப்பவனுக்கு அதில் இடமில்லை. அதே வருடம் ஸ்டேட் பாங்க் கிளார்க் முதல்நிலைத் தேர்வில் தமிழ்நாட்டுக்குக் கட்-ஆஃப் வந்தது. எஸ்.சி.க்கு 61.25. முன்னேறிய சாதி ஏழைக்கு 28.5. தகுதி செத்துவிட்டது என்று எந்த டி.வி.யிலும் யாரும் அழவில்லை.

எனக்கு இப்போது பிள்ளைகளை நினைத்துத்தான் பயம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நன்றாகப் படிக்கும் ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பையனை, கூடப் படித்தவர்களே இரவில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் பாய்ந்த தங்கைக்கும் வெட்டு. தன்னைக் கொடுமைப்படுத்தியவர்கள் யார் என்று பள்ளியில் வாய் திறந்து சொன்னான், அதுதான் குற்றம். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தப் பிள்ளை பொதுத்தேர்வில் 600-க்கு 469 வாங்கினான். அந்தச் சம்பவத்துக்காக அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளியில் சாதிக் கயிறு கட்டாதே, சாதி அடையாளம் வேண்டாம் என்று 2024-இல் அறிக்கை கொடுத்தது. சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு உறுப்பினர் அந்த அறிக்கையைக் கிழித்துப் போட்டார். பிள்ளையின் கையை வெட்டியபோது வராத கோபம், கையில் கட்டிய கயிற்றை அவிழ்க்கச் சொன்னதும் வந்துவிட்டது.

அத்தையின் ஊராட்சி சுழற்சி முறையில் இப்போது எல்லோருக்குமான ஊராட்சி. எங்கள் தெருவில் ஒரு தம்பி, டிகிரி முடித்தவன், அடுத்த தேர்தலில் நிற்கப் போவதாகச் சொல்கிறான். அதற்குள் தூது வந்துவிட்டது. "ஒங்களுக்குத்தான் தனியா குடுத்தாச்சே, பத்து வருஷம் இருந்தீங்கள்ல, இதுல எதுக்குடா மூக்க நுழைக்கிற?" அவன் அம்மா அழுகிறாள். 1997-இல் எங்கள் தெருப் பெரியவர்கள் கேட்ட அதே கேள்வியை, இன்னும் எதுவும் நடக்காமலே, இப்போதே கேட்கிறாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல? சட்டம் உன் மகன் பக்கம் இருக்கிறது என்றா? முருகேசன் பக்கமும் சட்டம் இருந்தது.

தம்பி நிற்பான். நாங்கள் யாரும் இந்த முறை அவனைத் தடுக்கப் போவதில்லை. அரசாங்கத்துக்குச் சொல்கிறேன், கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் சொல்கிறேன். அவன் வேட்புமனு வாங்க வரும் அன்றே உங்கள் போலீஸ் வாசலில் நிற்கட்டும். ஓட்டு எண்ணும்போது நிற்கட்டும், முதல் செக்கில் அவன் கையெழுத்துப் போடும்போதும் நிற்கட்டும். பிணத்துக்குக் காவல் நிற்க மட்டும் வேன் வேனாக வந்து இறங்காதீர்கள்.